தூணுக்குப் பக்கத்தில் ஓட்டை போடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கார் பார்க்குக்கு மேலே 5 மீற்றர் நீளமும் 2 மீற்றர் உயரமும் கொண்ட ஒரு பீம். அதன் நடுவில்தான் மேல்மாடித் தூண் நிற்கிறது. கழிவுநீர்க் குழாய்க்காக, கீழ்த்தூணிலிருந்து ஓரடி தள்ளி, பீமின் கீழ்ப்பக்கமாக 6 அங்குல ஓட்டை போட வேண்டுமாம். "இவ்வளவு பெரிய பீமுக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார் வேலைக்கு வந்த மேசன் பாஸ். நம்பலாமா?

பதில்: வேண்டாம். துளைக்கும் மெஷின் வந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நீளம் உயரத்தின் மூன்று மடங்குக்குக் குறைவாக இருந்தால் ஐரோப்பிய விதிநூல் அதை ஆழமான பீம் என்கிறது. உங்களுடையது இரண்டரை மடங்குதான். இதில் மேல்தூணின் பாரம், கூரையின் கைமரங்களைப் போல, சாய்வாக இரண்டு கீழ்த்தூண்களுக்கும் இறங்குகிறது. அந்தக் கைமரங்களின் கால்கள் விலகாமல் இழுத்துப் பிடிப்பது அடிக்கம்பிகள். பாஸ் குறித்த இடம் சரியாகக் கைமரத்தின் கால். அங்கே கொங்கிறீற் பிளந்தால் பீம் தொய்ந்து எச்சரிக்காது, திடீரென்று போகும்.

நடுத்தூணுக்கு நேர்கீழே, அடிக்கம்பிகளுக்கு மேலே உள்ள பகுதியில் பாரம் குறைவு. சிறிய ஓட்டைக்கு இடம் இருந்தால் அங்கேதான். ஆனால் ஏதாவது ஒரு கொங்கிறீற் தளம் இந்தப் பீமின் அடிப்பகுதியைப் பிடித்துத் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் அந்தப் பாரத்தை மேலே தூக்கும் நிலைக்குத்துக் கம்பிகள் அதே இடத்தில்தான் ஓடும். அப்போது அங்கேயும் கை வைக்கக் கூடாது. தொங்காவிட்டாலும் வரைபடத்தைப் பார்த்து, கம்பி இருக்கும் இடத்தை ஸ்கேன் செய்த பிறகுதான்.

பம்பலப்பிட்டியில் ஒருமுறை, துளைத்து எடுத்த கொங்கிறீற் உருளையை என் கையில் தந்தார்கள். அதன் ஓரத்தில் 25 மில்லிமீற்றர் கம்பியின் வெட்டுமுகம் புதுக்காசு போலப் பளபளத்தது. வெட்டியவருக்கு அது என்ன கம்பி என்றே தெரியாது.

இனி ஒருவர் வருவார், "எஞ்சினியர் கடிதம் நான் எடுத்துத் தருகிறேன்" என்று. பீமைப் பார்க்காமல் போட்ட கையெழுத்துக்கு ஒரு சதம் கொடுக்காதீர்கள். பொறியியல் பேரவையில் பதிவுள்ள கட்டமைப்புப் பொறியியலாளர் நேரில் வந்து பார்க்கட்டும். கட்டிட வரைபடத்தைக் கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் காட்டும். எனக்கே ஒரு தடவை நாலு மாதம் இழுத்தார்கள். குடியிருப்பவருக்குத் தன் தலைக்கு மேலே என்ன கம்பி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இவ்வளவு அலைச்சலா? விடாமல் எழுத்தில் கேளுங்கள்.

அதுவரை குழாயைப் பீமுக்கு அடியால் தொங்கவிட்டுக் கொண்டுபோங்கள். உயரமான வான் ஒன்று உள்ளே வர முடியாமல் போகலாம், போகட்டும்.