ஏப்ரல் கடைசியில் அப்பா அம்மாவை லண்டனுக்கு வெளியே அழைத்துப் போக எந்த இடம் நல்லது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், லண்டனைப் போன தடவையே சுற்றிக் காட்டியாயிற்று, ஐந்து நாள் லீவு இருக்கிறது. பச்சைப்பசேல் என்று கிராமமும் கொஞ்சம் பழைய கட்டடங்களும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி.

யார்க்‌ஷயர் டேல்ஸ் போங்கள். வட இங்கிலாந்தில் இருக்கும் கிராமப்புறம் அது. அங்கே ஸ்கிப்டன் என்ற ஊரில் சமையலறை உள்ள ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஐந்து நாளும் அங்கேயே தங்குங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்.

நான் பக்கத்தில் லீட்ஸில் பதினோரு வருடமாக இருக்கிறேன். என் அப்பா அம்மா முதல் தடவை வந்தபோது ஒரு டூர் பஸ்ஸில் ஏற்றி மூன்று நாளில் எட்டு ஊர் காட்டினேன். ஓர் ஊருக்கு நாற்பது நிமிடம். சிவகங்கைக்குத் திரும்பியதும் பெரியம்மா, "என்னடி பார்த்தே?" என்று கேட்டதற்கு அம்மா, "நிறைய வீடு, நிறைய கூட்டம்" என்று சொன்னாராம். கேட்கவே கஷ்டமாக இருந்தது. இரண்டாவது தடவை ஏப்ரல் கடைசியில் வந்தார்கள். அப்போதுதான் டேல்ஸ் போனோம். அந்த ஐந்து நாளைப் பற்றி இருவரும் இன்னும் பேசுகிறார்கள்.

டேல் என்றால் வட இங்கிலாந்துப் பேச்சில் பள்ளத்தாக்கு. 1954-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி. பூங்கா என்றதும் முதுமலை மாதிரி காடு என்று நினைக்க வேண்டாம். ஊரும் வயலும் ஆடு மேய்ப்பதும் நடந்துகொண்டே இருக்கும் இடம். அந்த ஆடுகளைப் பிடித்துக்கொண்டால் அங்கே பார்க்கிற எல்லாமே ஒரே கதையாகச் சேர்ந்துவிடும். அதனால்தான் ஆடு குட்டி போடும் வசந்தத்தில் போகச் சொல்கிறேன்.

முதல் நாள் மாலம் கிராமம். ஊரிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர் ஓடைக்கரையில் நடந்தால் மாலம் கோவ் என்ற சுண்ணாம்புப் பாறையின் அடிவாரம். எண்பது மீட்டர் உயரத்துக்கு அரைவட்டமாக வளைந்து நிற்கிறது. பனியுகம் முடிகிற காலத்தில் உருகிய தண்ணீர் இதன் மேலிருந்து அருவியாகக் கொட்டியிருக்கிறது. பிறகு சுண்ணாம்புப் பாறையில் வழி கண்டுபிடித்துத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிவிட்டது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வந்தபோது மட்டும் மறுபடி மேலிருந்து அருவி கொட்டியது. உயிரோடு இருக்கும் யாரும் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. உச்சிக்கு ஏற ஏறக்குறைய நானூறு படிகள் உண்டு. உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம், அடிவாரம் வரை பாதை நன்றாகவே இருக்கிறது. உங்களுக்குக் கால் தெம்பு இருந்தால் நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள். மேலே சுண்ணாம்புப் பாறை தளம் போட்டதுபோலப் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும், அந்த இடுக்குகளுக்குள் காற்று படாமல் பெரணி வளர்ந்திருக்கும்.

ஆனால் என் அப்பா பாறையைப் பார்த்ததைவிட வழியில் நின்றதுதான் அதிகம். நடைபாதை மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகிறது. அடுத்தவர் வயலுக்குள் நுழைகிறோமே என்று அவர் தயங்கினார். இங்கே பொது நடைபாதை என்று பலகை இருந்தால் அது சட்டப்படி எல்லோருக்குமான வழி, நிலம் யாருடையதாக இருந்தாலும் நடக்கலாம். நாம் திறந்த கேட்டை நாமே மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். உள்ளே போனதும் ஒரு தாயாட்டின் விலாவில் நீலச் சாயத்தில் 47 என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். சுற்றிலும் தேடி, அதே 47 போட்ட இரண்டு குட்டிகளையும் கண்டுபிடித்தார். "இரட்டைக் குட்டி. நம்ம ஊர்ல கீதாரி காதைப் பார்த்து ஆட்டைச் சொல்லுவான், இவங்க நம்பரே போட்டு வச்சிருக்காங்க" என்றார். கொஞ்சம் தள்ளி, பிறந்து ஓரிரு நாளே ஆன ஒரு குட்டிக்கு மெல்லிய பிளாஸ்டிக் சட்டை மாட்டியிருந்தார்கள். குளிர் மழையில் நனைந்து விறைத்துப்போகாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். நான்கு கால்களும் நான்கு ஓட்டைகளில் வெளியே வர, அது தள்ளாடிப் போய்த் தாயின் மடியை முட்டியது. அம்மா அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டார். உயரமான நிலங்களில் குட்டி போடுவது ஏப்ரல் முழுக்க நடக்கும். ஜூலையில் வந்தால் இதெல்லாம் கிடையாது, குட்டிகள் வளர்ந்துவிடும்.

அப்போது தலைக்கு மேல் ஒரு பறவை கத்திக்கொண்டே சுற்றியது. அப்பா அண்ணாந்து பார்த்து, "ஆட்காட்டி" என்றார். சரியாகத்தான் சொன்னார். இங்கே லாப்விங் என்பார்கள், தலையில் கொண்டை உண்டு. நம் ஊர்ச் சிவப்பு மூக்கு ஆட்காட்டிக்கு நெருங்கிய உறவு. தரையில் முட்டையிட்டிருப்பதால் ஆள் வந்தால் இதுவும் அப்படியே கூச்சல் போடும். அந்த மாதிரி நேரத்தில் பாதையை விட்டு விலகாமல் நடந்துவிடுங்கள்.

மாலமிலிருந்து வேறு திசையில் போனால் ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சின்ன அருவி. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் அந்த மரக்கூட்டத்தின் தரை முழுக்கக் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்திருக்கும். அருவி கண்ணில் படுவதற்கு முன்பே பூண்டு வாசனை வந்துவிடும். பக்கத்தில் யார் வீட்டிலோ தாளிக்கிறார்கள் என்றே அம்மா நினைத்தார். இந்த அருவிக் குட்டையில்தான் அந்தக் காலத்தில் மயிர் கத்தரிப்பதற்கு முன் ஆடுகளைக் கொண்டுவந்து குளிப்பாட்டுவார்கள்.

மாலமைச் சுற்றியுள்ள மேட்டு மேய்ச்சல் நிலங்கள் பல ஒரு காலத்தில் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குச் சொந்தம். இரண்டாம் நாள் முழுக்க அந்த மடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபவுன்டன்ஸ் ஆபி. ஸ்கிப்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம். 1132-ல் யார்க் நகரத்து மடத்தின் வசதியான வாழ்க்கை பிடிக்காமல் பதின்மூன்று துறவிகள் வெளியேறி, ஸ்கெல் ஆற்றங்கரையில் முள்ளும் பாறையுமாகக் கிடந்த இந்தப் பள்ளத்தில் வந்து தங்கினார்கள். சிஸ்டர்சியன் என்ற துறவியர் மரபில் சேர்ந்தார்கள். சாயம் போடாத கம்பளி அங்கி உடுத்துவதால் அவர்களுக்கு வெள்ளைத் துறவிகள் என்று பெயர். எளிமையைத் தேடி வந்தவர்களை ஆட்டுக் கம்பளி பணக்காரர்களாக்கியது. இத்தாலிய வியாபாரிகள் வரை இவர்களிடம் கம்பளி வாங்கினார்கள். வரப்போகும் ஆண்டுகளின் கம்பளிக்கு முன்பணம் வாங்கி, அதைக் கொடுக்க முடியாமல் கடனிலும் மாட்டியிருக்கிறார்கள்.

1539-ல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடவைத்தார். கூரை போய்விட்டது, சுவர்களும் கோபுரமும் அப்படியே நிற்கின்றன. கம்பளியும் தானியமும் சேர்த்துவைத்த கிடங்குப் பகுதி இன்னும் கூரையோடு இருக்கிறது. தொண்ணூறு மீட்டர் நீளம், நடுவில் ஒரே வரிசைத் தூண்கள், ஒவ்வொரு தூணிலிருந்தும் வளைவுகள் பனையோலை மாதிரி விரிந்து மேலே சேரும். நாங்கள் போனபோது வெளியே மழை, உள்ளே எங்களைத் தவிர யாருமில்லை. அம்மா மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்தார், அது அந்த நீளம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. நம் கோயில் பிராகாரங்களில் நடந்து பழகியவர்களுக்கு இந்த இடம் உடனே பிடித்துப்போகும். காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள்.

மடத்தை ஒட்டியே பதினெட்டாம் நூற்றாண்டின் நீர்த்தோட்டம் இருக்கிறது. அமைத்தவர் ஜான் ஐஸ்லபி. தென்கடல் கம்பெனி என்ற வணிக நிறுவனத்தின் பங்கு ஊழலில் நிதியமைச்சர் பதவியை இழந்து, 1721-ல் நாடாளுமன்றத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டவர். மிச்ச வாழ்நாளை இந்தக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் செலவிட்டார். மடமும் தோட்டமும் சேர்ந்து 1986-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. குளங்களைச் சுற்றி நடப்பது சமதளம்தான், உங்கள் அம்மாவுக்குச் சிரமம் இருக்காது.

மூன்றாம் நாள் ரயில். ஸ்கிப்டனிலிருந்து செட்டில் வழியாகக் கார்லைல் போகும் பாதையில் ரிபில்ஹெட்டில் இறங்குங்கள். அங்கே ஒரு பெரிய ரயில் பாலம் இருக்கிறது. பலரும் ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்க்கலாம் என்று போய், பாலத்தின் மேலேயே போய்விடுகிறார்கள், ஒன்றும் தெரியாது. இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் இருபத்து நான்கு வளைவுகளும் முழுதாகக் கண்ணில் நிற்கும். 1870-களில் கட்டியது. கட்டிய காலத்தில் விபத்திலும் அம்மையிலும் செத்தவர்கள், அவர்களின் மனைவி மக்கள் என்று இருநூறு பேர் அளவுக்குப் பக்கத்துச் சாப்பல்-லி-டேல் தேவாலயத்தில் புதைத்திருக்கிறார்கள். 1980-களில் இந்தப் பாதையையே மூடப் பார்த்தார்கள். மக்கள் போராடி 1989-ல் காப்பாற்றினார்கள். காற்று பலமாக அடிக்கும், குல்லா எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் எங்கும் போகாமல் ஸ்கிப்டன் ஊரிலேயே இருங்கள். கோட்டையின் உள்முற்றத்தில் 1659-ல் நட்ட யூ மரம் இன்னும் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் கடைத்தெருவில் சந்தை.

ஐந்தாம் நாள் லீட்ஸ் திரும்பும் வழியிலேயே சால்டேர் என்ற ஊர் வருகிறது. மாலமில் ஊற்றாகப் புறப்பட்ட ஏர் ஆறு இதன் ஓரமாகத்தான் ஓடுகிறது. டைட்டஸ் சால்ட் என்ற ஆலை முதலாளி 1853-ல் பெரிய கம்பளி ஆலையைத் திறந்து, தொழிலாளர்களுக்கு வீடு, பள்ளி, மருத்துவமனை என்று முழு ஊரையே கட்டினார். தெருக்களுக்குத் தன் பிள்ளைகளின் பெயரை வைத்தார், மதுக்கடைக்கு இடம் கொடுக்கவில்லை. ஆலை இப்போது ஓவியக்கூடம். ஊரைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் கிடையாது.

லண்டனுக்கு மேற்கே இருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியைப் பற்றி நிச்சயம் வேறு யாராவது சொல்வார்கள். அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பைபரி கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ என்ற பழைய வீட்டு வரிசைக்கு முன்னால் விடுமுறை நாளில் நிற்கவே இடமிருக்காது. லண்டனிலிருந்து ஒரே நாள்தான் போக முடியும் என்றால் அங்கே போங்கள்.

சில நடைமுறை விஷயங்கள். கிங்ஸ் கிராஸில் ஏறினால் லீட்ஸுக்கு இரண்டேகால் மணி நேரம், அங்கிருந்து ஸ்கிப்டன் முக்கால் மணி நேரம். கிராமங்களுக்குப் பஸ் குறைவு, காரை லீட்ஸிலேயே எடுத்துவிடுங்கள். சாலைகள் குறுகல், இரண்டு பக்கமும் கல் சுவர், எதிரில் வண்டி வந்தால் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டியிருக்கும். மே முதல் திங்கட்கிழமையும் கடைசித் திங்கட்கிழமையும் பொது விடுமுறை, அந்த வாரக்கடைசிகளைத் தவிர்த்துவிடுங்கள். காலையில் ஐந்து டிகிரி, மதியம் பன்னிரண்டு என்று இருக்கும், நடுவில் மழையும் வரும். உள்ளே போட தெர்மல், வெளியே மழைக்கோட்டு, இரண்டும் வேண்டும். எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் கிராமத்து டீக்கடைகள் நாலு நாலரைக்கே மூடிவிடும். அதனால் பிளாஸ்கில் டீயும், காலையிலேயே கட்டிய புளிசாதமும் எடுத்துப் போங்கள். மாலம் ஓடைக்கரையில் உட்கார்ந்து சாப்பிட நல்ல இடங்கள் இருக்கின்றன.

தேதி முடிவானதும் சொல்லுங்கள், அந்த வாரம் காட்டுப்பூண்டு பூத்துவிட்டதா என்று பார்த்து எழுதுகிறேன்.