பூழி வெங்கானமும் மின்னொளிர் கானமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் தமிழ் கற்பிக்கிறேன். போன வாரம் வகுப்பில் ராமன் வனவாசம் போகும் கதையைச் சொன்னேன். "பதினான்கு வருஷம் காட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் தண்டனை" என்று சொன்னதும் கடைசி வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "காட்டுக்குப் போவது எப்படித் தண்டனையாகும் மிஸ்? நாங்கள் கொய்யா பறிக்க ஞாயிற்றுக்கிழமை போகிறோமே!" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் ஒரு பெண், தண்டகாரண்யம் எங்கே இருக்கிறது, கூகுள் மேப்பில் காட்டுங்கள் என்று கேட்டாள். தண்டகம், காண்டவம், காமியகம், நைமிசம் எல்லாம் நிஜக் காடுகளா? அயோத்தி, இந்திரப்பிரஸ்தம் போன்ற நாடுகளுக்கும் இந்தக் காடுகளுக்கும் என்ன உறவு? பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். அந்தப் பையனை என் சார்பில் தட்டிக்கொடுங்கள். அவன் கேட்ட கேள்விக்கு அயோத்தி அரண்மனையிலேயே இரண்டு பதில்கள் இருந்தன.

கம்பனில் கைகேயி ராமனிடம், சடை தாங்கி, தவம் மேற்கொண்டு, "பூழி வெங்கானம் நண்ணி" ஏழிரண்டு ஆண்டு கழித்து வா என்கிறாள். பூழி என்றால் புழுதி. புழுதி பறக்கும் கொடிய காடு. சில பாட்டுகள் தள்ளி ராமன் பதில் சொல்கிறான்: "மின்னொளிர் கானம் இன்றே போகின்றேன், விடையும் கொண்டேன்." அதே காடுதான். அவள் வாயில் அது புழுதி, அவன் வாயில் மின்னல். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிடுவேன். கைகேயிக்குக் காடு என்பது நாடு இல்லாத இடம், அவ்வளவுதான். போகப்போகிறவனுக்கு அது ஓர் இடம், ஒளியுள்ள இடம். உங்கள் மாணவன் ராமன் பக்கம் நிற்கிறான், நாம்தான் வகுப்பில் கைகேயியின் அகராதியை வைத்துக் கற்பிக்கிறோம்.

வரைபடக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இவற்றில் பலவற்றுக்கு நிலத்தில் அடையாளம் உண்டு. தண்டகாரண்யம் என்ற பெயர் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. சத்தீஸ்கரின் பஸ்தரும் அதை ஒட்டிய ஒடிசா, மகாராஷ்டிரம், தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளும் சேர்ந்த மலைக்காடு அது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்த 1958இல் இந்திய அரசு தொடங்கிய திட்டத்துக்கே தண்டகாரண்யம் என்றுதான் பெயர். பஞ்சவடியை நாசிக்கில் காட்டுவார்கள், பத்ராசலத்துக்குப் பக்கத்திலும் காட்டுவார்கள். இரண்டும் கோதாவரிக் கரை. கிஷ்கிந்தை ஹம்பியைச் சுற்றிய பாறைக் குன்றுகள். காமியக வனமும் துவைத வனமும் சரஸ்வதி ஆற்றோரம் என்கிறது பாரதம். நைமிசாரண்யம் உத்தரப்பிரதேசத்தில் கோமதிக் கரையில் இருக்கிறது, திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். அங்கே காடே பெருமாளின் வடிவம் என்பது வைணவ மரபு. காண்டவம் யமுனைக் கரையில், இன்றைய தில்லி. அங்குள்ள புராணா கிலா கோட்டைக்குள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒரு கிராமம் இருந்தது. அதன் பெயர் இந்தர்பத். இந்திரப்பிரஸ்தம்தான் அப்படி மருவியது என்பார்கள். மேப்பில் இவ்வளவும் காட்டலாம். எல்லை போட்டு, இந்த மரத்தில் தொடங்கி அந்த மரத்தில் முடிந்தது என்று காட்ட வேண்டாம். காவியத்துக் காடு அப்படி அளந்து வைத்த காடு அல்ல.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எனக்கு நிறையப் பேச வேண்டியிருப்பது அங்கேதான்.

தண்டகாரண்யம் பிறக்கும்போது காடு இல்லை, நாடு. வால்மீகியின் உத்தர காண்டத்தில் அகத்தியர் ராமனிடம் இந்தக் கதையைச் சொல்கிறார். இக்ஷ்வாகுவின் மகன் தண்டன் விந்திய மலைக்குத் தெற்கே ஆண்டுவந்தான். குரு சுக்கிராசாரியாரின் மகள் அரஜையை அவளுடைய சம்மதமில்லாமல் தொட்டான். சுக்கிரர் சபித்தார். ஏழு இரவு புழுதி மழை பெய்து நாடு மண்ணோடு மண்ணாயிற்று. அதன் மேல் முளைத்ததுதான் தண்டகம். கைகேயி சொன்ன 'பூழி'யை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ராமன் போய் நிற்பது சொந்தக் குலத்து முன்னோன் ஒருவனின் பாவத்தின் மேல் வளர்ந்த காட்டில்.

காண்டவம் இதற்கு நேர் எதிர். அது காடாக இருந்து நாடானது. பாண்டவர்களுக்குப் பங்காகக் கிடைத்தது காண்டவப்பிரஸ்தம் என்ற பாழ்நிலம். பக்கத்தில் காண்டவ வனம். தட்சகன் என்ற நாகம் அங்கே வாழ்ந்ததால் இந்திரனே அதற்குக் காவல். அக்கினி அந்தணன் உருவத்தில் வந்து பசிக்கிறது என்கிறான். அர்ச்சுனனுக்குக் காண்டீபமும், அள்ள அள்ளக் குறையாத அம்பறாத்தூணிகளும் கிடைப்பது அந்தப் பசியைத் தீர்க்கத்தான். கண்ணன் ஒரு பக்கம், அர்ச்சுனன் ஒரு பக்கம். தப்பி ஓடும் உயிர்களைத் திரும்பத் தீக்குள் விரட்டுகிறார்கள். வியாசர் எதையும் மறைக்கவில்லை. வெந்து கொதிக்கும் குளங்கள், அதில் மிதக்கும் மீன்கள், சிறகு தீய்ந்து விழும் பறவைகள் எல்லாம் இருக்கின்றன. நம் வீரர்கள்தான் செய்தார்கள் என்பதால் ஒரு வரியைக்கூட அவர் குறைக்கவில்லை.

தப்பியவர்கள் ஆறு பேர். தட்சகனின் மகன் அசுவசேனன், அசுரத் தச்சன் மயன், அப்புறம் நான்கு பறவைக் குஞ்சுகள். சாரங்கப் பறவைகள். தாயின் பெயர் ஜரிதை. இறகு முளைக்காத நான்கையும் தூக்கிக்கொண்டு அவளால் பறக்க முடியாது. "கீழே எலி வளை இருக்கிறது, உள்ளே போங்கள், நான் மண்ணால் மூடுகிறேன்" என்கிறாள். எலி தின்றுவிடுமே என்கின்றன குஞ்சுகள். அந்த எலியைப் பருந்து தூக்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன் என்கிறாள். வேறு எலி இருந்தால்? நெருப்பாவது திசை மாறலாம், எலி மாறாது. நீ இளையவள், பறந்து போ, உனக்கு வேறு குஞ்சுகள் பிறக்கும் என்று அவை தாய்க்கே புத்தி சொல்கின்றன. அவள் போகிறாள். தீ வருகிறது. நான்கும் அக்கினியைத் துதிக்கின்றன, தீ விலகிப் போகிறது. இதை உங்கள் வகுப்பில் சொல்லிப் பாருங்கள், ஒரு பிள்ளையும் அசையாது.

இங்கே நம் தீவுக்கு வருகிறேன். 1974இல் மொரிஷியஸ் வல்லூறுகள் காட்டில் எத்தனை மிச்சம் என்று எண்ணியபோது தெரிந்தவை நான்கே நான்கு. காடு வெட்டப்பட்டது, பூச்சிமருந்து முட்டையைக் கெடுத்தது, வெளியிலிருந்து வந்த விலங்குகள் கூட்டைக் கலைத்தன. கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்துத் திரும்பக் காட்டில் விட்டார்கள். இன்றைக்குச் சில நூறு பறக்கின்றன. காண்டவத்தில் நான்கு, நம் காட்டில் நான்கு. இந்த எண்ணிக்கையை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நமக்கும் ஒரு காண்டவம் உண்டு, அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். டச்சுக்காரர்கள் கருங்காலிக்காக வெட்டினார்கள். அவர்கள் 1710இல் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், பிறகு ஆங்கிலேயர்கள். காடு கரும்பாயிற்று. பழைய காட்டில் இன்று நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. லபோர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே ஆளுநராக இருந்தபோது புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த நம் கொத்தனார்களும் தச்சர்களும் போர்ட் லூயிஸைக் கட்டியதை நாம் பெருமையோடு சொல்கிறோம். பெருமைதான். தீயிலிருந்து தப்பிய மயன் இந்திரப்பிரஸ்தத்தில் சபை கட்டியதைப் போல அது மயன் வேலை. ஆனால் மயன் எந்தச் சாம்பலிலிருந்து எழுந்து வந்தான் என்பதையும் பாரதம் சேர்த்தே சொல்கிறது.

கரும்பு வெட்டி முடிந்த வயலை நவம்பர், டிசம்பரில் பார்த்திருப்பீர்கள். வெட்டவெளியில் ஆள் உயரத்துக்கும் மேலே கறுப்புக் கற்குவியல்கள் நிற்கும். நிலத்தில் கிடந்த எரிமலைக் கல்லைக் கையால் பொறுக்கித் தலையில் சுமந்து குவித்தவை. என் வீட்டுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள். கறையான் அரித்ததைப் போல உடம்பெல்லாம் துளை, உள்ளங்கையை அராவும். பத்துக் கல்லுக்குள் கை எரிய ஆரம்பித்துவிடும். 1834 நவம்பரில் தொடங்கிக் கப்பல் கப்பலாக வந்த ஒப்பந்தக் கூலிகள் சுமந்த கல், அவர்களுக்கு முன்னே சங்கிலியில் வந்த ஆப்பிரிக்கர்கள் சுமந்த கல். என் கொள்ளுத்தாத்தாவின் கல்லும் அதில் இருக்கும். அவர் காட்டை அழிக்க ஆசைப்பட்டு வரவில்லை, சோற்றுக்கு வந்தார். அர்ச்சுனனுக்கு இருந்த தேர்வு அவருக்கு இல்லை. இந்த வித்தியாசத்தையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பாரதம் அங்கேயும் நிற்கவில்லை. மயன் கட்டிய சபையில்தான் துரியோதனன் தரையென்று நினைத்துத் தண்ணீரில் விழுகிறான். அந்த அவமானம் சூதாட்டமாகிறது. சூதாட்டம் பாண்டவர்களைப் பன்னிரண்டு வருஷம் எங்கே அனுப்புகிறது? காட்டுக்கு. காட்டை எரித்து நாடு கட்டியவர்கள் காமியகத்திலும் துவைதத்திலும் மரத்தடியில் படுக்கிறார்கள். துவைத வனத்தில் ஓர் இரவு மான்கள் தருமனின் கனவில் வருகின்றன. "நாங்கள் கொஞ்சம் பேர்தான் மிச்சம், எங்கள் இனம் அற்றுப் போகும், வேறு காட்டுக்குப் போங்கள்" என்று அழுகின்றன. தருமன் விடிந்ததும் தம்பிகளை அழைத்துக்கொண்டு காமியகத்துக்குப் புறப்பட்டுவிடுகிறான். காண்டவத்தில் கேட்காத குரல் இங்கே காதில் விழுகிறது. தட்சகன் மட்டும் மறக்கவில்லை. அர்ச்சுனனின் பேரன் பரீட்சித்தைக் கடித்துக் கொன்றது அவன்தான்.

ராமாயணத்தில் இந்தக் குரல் சீதையினுடையது. தண்டகத்துக்குள் நுழைந்ததும் அவள் ராமனைக் கேட்கிறாள்: உங்களுக்குப் பகை இல்லாதவர்களைக் கொல்ல வில் எதற்கு? வனவாசம் எங்கே, ஆயுதம் எங்கே? ஒரு தவசியிடம் இந்திரன் கத்தியை அடைக்கலமாகக் கொடுத்துவிட்டுப் போன கதையைச் சொல்கிறாள். அதைச் சுமந்து சுமந்தே அந்தத் தவசி கொடியவனானான். முனிவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று ராமன் பதில் சொல்கிறான். அந்தப் பதிலை நான் ஏற்கிறேன். ஆனால் கேள்வியை வால்மீகி அழிக்காமல் வைத்திருக்கிறார் பாருங்கள், அதற்காகத்தான் அவரைக் கும்பிடுகிறேன்.

இன்னொன்று. காட்டில் யாரும் இல்லை என்று தப்பித் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். கங்கைக் கரையில் வேட்டுவத் தலைவன் குகன் இருந்தான், கிஷ்கிந்தையில் வாலியும் சுக்கிரீவனும் ஆண்டார்கள். "குகனொடும் ஐவர் ஆனேம்" என்று ராமன் பின்னால் கடற்கரையில் வீடணனிடம் சொல்கிறான். அப்படி ஐவரானது காட்டுக்குப் போகும் வழியில்தான், அயோத்தியில் இருந்தவரை அவர்கள் நான்கு பேர். நம் லெ மோர்ன் மலையில் ஒளிந்து வாழ்ந்த தப்பிய அடிமைகளையும் இந்த வரிசையில் வைத்துச் சொல்லுங்கள். வகுப்பில் கிரியோல் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தப் பையனுக்கு ஒரு சேதி. அவன் உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னும் சீனக் கொய்யா இந்த மண்ணின் மரம் அல்ல. வெளியிலிருந்து வந்து, நெருக்கமாக வளர்ந்து, நம் பழைய மரங்களின் கன்றுகளை மூச்சுமுட்ட வைக்கிறது. ஆகவே அவன் எவ்வளவு வேண்டுமானாலும் பறிக்கட்டும், ஒரு பழத்தையும் மிச்சம் வைக்க வேண்டாம். அடுத்த முறை ப்ளாக் ரிவர் பக்கம் போகும்போது கொய்யாப் புதரைத் தாண்டி உள்ளே நடந்து ஒரு கருங்காலி மரத்தைத் தேடச் சொல்லுங்கள். அப்படியே வானத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், வல்லூறு கண்ணில் பட்டாலும் படும். என்ன பார்த்தான் என்பதைத் தமிழில் நான்கு வரி எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.