ஆய்வாளர் ஏன் அதைக் கொட்டச் சொன்னார்? உணவகச் சமையலறை பற்றிய கேள்வி-பதில்

அடிக்கடி போகும் உணவகத்தின் ஆய்வு அறிக்கையில் எட்டுக் குறைகள் இருக்கின்றன. இனி அங்கே சாப்பிடலாமா?

எத்தனை குறை என்பதை விட்டுவிட்டு, என்ன குறை என்று பாருங்கள். தரை ஓடு உடைந்திருக்கிறது, விளக்குக்கு மூடி இல்லை என்பதெல்லாம் சரிசெய்ய வேண்டியவைதான். ஆனால் அவற்றால் இன்று இரவே யாருக்கும் வாந்தி வராது. பச்சை இறைச்சிக்கு அடியில் சாலட் வைத்திருந்தார்கள், கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை என்று ஒரே ஒரு வரி இருந்தால் நான் வேறு இடம் பார்ப்பேன். முந்தைய அறிக்கை கிடைத்தால் அதையும் புரட்டுங்கள். அதே குறை அதிலும் இருந்தால், சொல்லியும் கேட்காத நிர்வாகம் என்று அர்த்தம்.

இரவு மிஞ்சும் சூப்பைப் பெரிய பாத்திரத்தோடு அப்படியே ஃபிரிட்ஜில் வைப்போம். ஆய்வாளர் முழுவதையும் கொட்டச் சொல்லிவிட்டார். காலையில் கொதிக்கவைத்துத்தானே கொடுக்கப் போகிறோம்?

கொட்டச் சொன்னது சரிதான். உங்களுக்குக் கோபம் வருவதும் புரிகிறது, ஏனென்றால் பார்வைக்கு அந்த சூப்பில் ஒரு குறையும் இருக்காது.

கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். பெரிய பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரம் மட்டும் சீக்கிரம் குளிரும். நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். சமைக்கும்போது எல்லாம் செத்திருக்குமே என்று கேட்பீர்கள். பேசிலஸ் சீரியஸ், கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் வித்துகளாக (கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் நிலை) மாறிக் கொதியையும் தாங்கிவிடும், ஆறும்போது மறுபடி முளைக்கும். சோற்றில் அடிக்கடி சிக்கலாவது பேசிலஸ் சீரியஸ்தான். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது. காலைக் கொதி உங்களைக் காப்பாற்றாது என்பது இதனால்தான்.

பரவலாகப் பின்பற்றப்படும் அளவு இது: 60 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அகலத் தட்டுகளில் விரல் நீளத்துக்கு மேல் ஆழம் போகாமல் ஊற்றுங்கள். அல்லது பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கிக் கிளறிவிடுங்கள். ஆறிய பிறகு மூடினால் போதும். இன்னொன்று, சூடான பாத்திரம் ஃபிரிட்ஜில் பக்கத்தில் இருக்கும் மற்ற உணவையும் சேர்த்துச் சூடாக்கும்.

ஃபிரிட்ஜின் வெளித்திரை 4 டிகிரி என்கிறது. ஆய்வாளரின் கருவி 9 காட்டியது. யார் சொல்வது சரி?

அநேகமாக அவர். வெளித்திரை காட்டுவது உள்ளே உணர்வி இருக்கும் இடத்துக் காற்றை. அவர் குத்திப் பார்த்தது உணவை. உங்களிடமும் ஒரு வெப்பமானி இருக்கட்டும். ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் வைத்தால் அது 0 காட்ட வேண்டும், இல்லையென்றால் கருவியில்தான் கோளாறு. கருவி சரி என்றால் கதவு ரப்பரைப் பாருங்கள். காற்று போக வழியில்லாமல் அடைத்து வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

கையுறை போட்டிருந்தாலும் கை கழுவ வேண்டுமா?

வேண்டும். போடும் முன்னும் கழுவ வேண்டும், வேலை மாறும்போது கழற்றிவிட்டும் கழுவ வேண்டும். பச்சைக் கோழியைத் தொட்ட கையுறையோடு ரொட்டியை எடுத்தால் வெறும் கையால் எடுத்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அழுக்குக் கை உறுத்தும், அழுக்குக் கையுறை உறுத்தாது. அதனால் கையுறை கட்டாயம் என்று பலகை மாட்டும் சமையலறைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

சமையல்காரருக்கு நேற்று வயிற்றுப்போக்கு. இன்று நின்றுவிட்டது. ஆள் இல்லை, அடுப்பில் நிற்கட்டுமா?

வேண்டாம். கடைசியாக வயிற்றுப்போக்கு போனதிலிருந்து 48 மணி நேரம் கழியட்டும். நோரோவைரஸாக இருந்தால் உடம்பு தேறிய பிறகும் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும், மிகக் கொஞ்சமே அடுத்தவரைப் படுக்கவைத்துவிடும். ஆல்கஹால் ஜெல் அதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். அப்புறம், லீவு போட்டால் சம்பளம் பிடிப்பீர்கள் என்றால் அடுத்த முறை அவர் உங்களிடம் சொல்லவே மாட்டார்.

மேஜை துடைக்கும் குளோரின் தண்ணீரில் மருந்தைக் கூடுதலாகக் கலந்தால் இன்னும் நல்லதுதானே?

இல்லை, அதுவும் குறையாகவே எழுதப்படும். பத்து லட்சத்தில் 50 முதல் 100 பங்கு குளோரின் என்பது வழக்கமான அளவு, சோதனைத் தாளில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சோப்புப் போட்டு அழுக்கை எடுங்கள். பிசுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது.

வெளியே சாப்பிட்ட அன்றே வயிறு கெட்டது. அந்த உணவகத்தின் மேல் புகார் கொடுக்கலாமா?

கொடுங்கள். ஆனால் கடைசியாகச் சாப்பிட்ட இடத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிடாதீர்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சு சில மணி நேரத்திலேயே காட்டிவிடும், சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது சில நாள் கழித்தும் வரும். முந்தைய மூன்று நாளில் எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கூட வந்தவர்களில் யார் யாருக்கு என்ன ஆனது என்பதையும் சேருங்கள். மருத்துவர் மலப் பரிசோதனை சொன்னால் தட்டாதீர்கள், ஆய்வாளருக்குப் பிடி கிடைப்பது பெரும்பாலும் அதிலிருந்துதான்.