நாளெல்லாம் பேசும் அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை?

கேள்வி: மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றை வடிவமைக்கிறேன். பயன்படுத்திப் பார்க்க வருபவர்களிடம், "மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்கிறேன். இரண்டு வார்த்தை பேசிவிட்டு மௌனமாகிவிடுகிறார்கள். நாளெல்லாம் பேசும் என் அம்மாவும் அப்படித்தான். அவர் தடுமாறியபோது நானே போனை வாங்கி அழுத்திக் கொடுத்தேன். முடிவில் "நல்லாத்தான்டா இருக்கு" என்றார். பேசாமல் எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுத்துக் கருத்து வாங்கிவிடலாமா?

பதில்: "நானே போனை வாங்கி அழுத்திக் கொடுத்தேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே தம்பி, உங்கள் கடிதத்தில் விஷயமே அதுதான்.

அம்மா எந்தத் திரையில் நின்றார்? எதைத் தேடினார்? நீங்கள் எழுதவில்லை. எழுதவும் முடியாது, ஏனென்றால் அது தெரியவரும் நேரத்தில் போன் உங்கள் கையில் இருந்தது. அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கத்தானே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள்?

அந்தக் கை அன்றைக்குத்தான் முதல்முறை நீண்டது என்று நான் நம்பவில்லை. போனில் ஒரு சந்தேகம் கேட்டால் "கொடும்மா" என்று வாங்கி, நாலு தட்டு தட்டித் திருப்பிக் கொடுக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று. கூடவே "இதுகூடத் தெரியலையா?" என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்டுப் பழகியவர் உங்கள் எதிரில் தன் குழப்பத்தை உரக்கச் சொல்வாரா? பிள்ளை செய்ததைக் குறை சொல்லவும் அவருக்கு மனசு வராது. படிவம் கொடுத்தாலும் அந்த "நல்லாத்தான்டா இருக்கு"வையே எழுதித் தருவார்.

மற்றவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். யோசிப்பதை உரக்கச் சொல்வது யாருக்கும் தானாக வருவதில்லை, பழக்க வேண்டும். உளவியலில் இதை முறைப்படுத்திய ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் பழக்கத்துக்குக் கொடுத்த கணக்குகளில் ஒன்று: உங்கள் பெற்றோர் வீட்டில் எத்தனை ஜன்னல்கள்? "வாசல்ல ரெண்டு, சமையலறைல ஒண்ணு, இருங்க, மாடிய விட்டுட்டேன்" என்று மனதுக்குள் அறை அறையாக நடந்து எண்ணும்போது கூச்சம் போய்விடும். செயலியை அதற்கப்புறம் கையில் கொடுங்கள். சோதிப்பது செயலியைத்தான், அவர்களை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் சற்றுப் பின்னால் உட்காருங்கள். பேச்சு நின்றால் "சொல்லிக்கிட்டே செய்யுங்க", அவ்வளவுதான். "ஏன் அதை அழுத்தினீங்க?" என்று நடுவில் கேட்காதீர்கள். கேட்டால் காரணம் தேட ஆரம்பித்துவிடுவார்கள், யோசிக்கும் விதமே மாறிவிடும். தோன்றுவதைச் சொல்வது வேறு, காரணம் சொல்வது வேறு என்று எரிக்சனும் சைமனும் 1980-லேயே பிரித்துச் சொன்னார்கள். ஐபிஎம்மின் கிளேட்டன் லூயிஸ் 1982-ல் இந்த முறையை மென்பொருள் சோதனைக்கு எடுத்து எழுதினார். இத்தனை வருடமாகியும் நடுவில் புகுந்து விசாரணை நடத்தும் ஆசை உங்கள் துறையை விட்டுப் போகவில்லை.

"இதை அழுத்தலாமா?" என்று கேட்டால், "நான் பக்கத்துல இல்லன்னா என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். சில இடத்தில் அப்படியும் பேச்சு வராது. திரையைப் புரிந்துகொள்ளவே மூளை முழுசாகப் போகும்போது பேசத் தெம்பு இருக்காது. அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, முடிந்ததும் சோதனையின்போது எடுத்த வீடியோ பதிவைப் போட்டுக் காட்டி, அப்போது என்ன ஓடியது என்று கேளுங்கள். பேசிக்கொண்டே செய்தால் வேகம் மாறும், ஆகவே எத்தனை நிமிடத்தில் முடித்தார்கள் என்ற கணக்கை இதோடு சேர்க்காதீர்கள்.

அம்மாவுக்கு வேறு ஏற்பாடு. அவரையும் அவர் தோழி ஒருவரையும் ஒரே போனோடு உட்கார வையுங்கள். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டே செய்வார்கள், நீங்கள் பேசச் சொல்லவே வேண்டாம். இப்படி இருவரைச் சேர்த்துச் சோதிப்பதும் உங்கள் துறையில் உள்ள வழக்கம்தான். உடன் இருந்து நடத்துவது உங்கள் சக ஊழியராக இருக்கட்டும், நீங்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

அதற்கு முன்னால் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. பெற்றவளுக்குப் போன் சொல்லிக்கொடுப்பது பிள்ளையின் கடமை, அதைச் சோதனையோடு கலக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, செயலிப் பேச்சே எடுக்காமல், அவர் இத்தனை நாள் கேட்கத் தயங்கியதையெல்லாம் கேட்கச் சொல்லுங்கள். அழுத்துவது அவர் விரலாகவே இருக்கட்டும். பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும்.