உண்ணிக் கடிக்குப் பின் வரும் காய்ச்சல்கள்: கேள்வி பதில்

தொற்றுநோய் மருத்துவத்தில் பணிபுரியும் என்னிடம் உண்ணிக் கடி குறித்துக் கேட்கப்பட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதிலளித்திருக்கிறேன். மருந்தின் அளவைச் சொல்லியிருக்கும் இடங்களில் அது பெரியவர்களுக்கான அளவு. மருத்துவரைப் பார்க்காமல் நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். தோட்டத்தில் சருகு வாரிய மறுநாள், முழங்காலுக்குப் பின்புறம் கசகசா அளவில் ஓர் உண்ணி ஒட்டியிருந்தது. நேற்று அதை எடுத்துவிட்டோம். லைம் நோய்க்கு உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா டாக்டர்?

லைம் என்பது உண்ணிக் கடியால் பரவும் ஒரு பாக்டீரியா நோய். அதற்கு இப்போது செய்யும் பரிசோதனையால் பயனில்லை, அம்மா. அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது, அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். கசகசா அளவு என்று நீங்கள் கவனித்திருப்பது நல்லது, ஏனெனில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் இளம்பருவம் அந்த அளவில்தான் இருக்கும். பொரேலியா என்னும் அந்தக் கிருமி உண்ணியின் குடலில் தங்கியிருந்து, அது ரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகே மெல்ல உமிழ்நீருக்கு வந்து சேர்கிறது. ஆகவே ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்திருக்கக்கூடும் என்றால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக்கை 200 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை தரும் வழக்கம் அங்கு உண்டு. அதை அங்குள்ள மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.

அடுத்த 30 நாள்களுக்குக் கடித்த இடத்தையும் உடல் முழுவதையும் பார்த்து வாருங்கள். முதல் இரண்டு நாளில் தோன்றும் சிறு சிவப்பு வெறும் பூச்சிக்கடித் தடிப்புதான். சில நாள் கழித்துத் தோன்றி, நாளுக்கு நாள் விரிந்து, 5 சென்டிமீட்டரைத் தாண்டும் படையே லைம் நோயின் அடையாளம். படங்களில் காட்டுவது போல வளையமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பல நேரம் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கன்றிப்போன இடம் போலத் தோன்றி ஏமாற்றவும் செய்யும். பேனாவால் ஓரத்தைக் கோடிட்டு, நாள்தோறும் படம் எடுத்து வையுங்கள். படை விரிந்தால், பரிசோதனைக்குக் காத்திராமல் அதைக் கண்ணால் பார்த்தே சிகிச்சை தொடங்குவார்கள். பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 10 நாள்.

கேள்வி: மாசசூசெட்ஸில் இருக்கும் என் கணவருக்குத் திடீரென ஒரு பக்க முகம் கோணிவிட்டது. இதுவும் லைம் நோயாக இருக்குமோ?

இருக்கலாம், ஆனால் பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்வதே முதல் வேலை. இதைப் படித்துக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கடி, காய்ச்சல், படை எது இருந்திருந்தாலும் அங்கே சொல்லுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் கிருமி இதயத் துடிப்பையும் தடைப்படுத்தும்.

கேள்வி: திருவண்ணாமலை அருகே எங்கள் ஊர். அம்மாவுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல், தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, டெங்கு இல்லை என்று வந்துவிட்டது. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். எங்கள் வீட்டில் நாயே கிடையாதே?

பெயரால் வரும் குழப்பம் இது. நாம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லும் ஸ்க்ரப் டைபஸ், நாய் உண்ணியால் வருவதன்று. புதர், புல், வரப்பு ஓரங்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. தமிழ்நாட்டில் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் இது மிகுதி. லைம் நோயைத் தேடி அலைவதைவிட, நம் ஊரில் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதே போலக் காய்ச்சலோடு வந்த ஒரு பெண்மணியை நான் மறக்கவில்லை. கடலைக் காட்டில் களை எடுப்பவர். கையில் ஒரு கட்டு ரத்த அறிக்கைகள் இருந்தன. திரையை இழுத்துவிட்டு, செவிலியர் துணையுடன் பார்த்தபோது, பாவாடை நாடா அழுந்தும் இடத்தில் மிளகளவில் ஒரு கருப்புப் பொருக்கும் அதைச் சுற்றிச் சிவந்த விளிம்பும் இருந்தன. வலியோ அரிப்போ இல்லாததால் அவருக்கே அது தெரியாது. டாக்ஸிசைக்ளின் தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

ஆகவே அம்மாவின் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, காதின் பின்புறம், இடுப்பு எல்லாவற்றையும் பாருங்கள். பொருக்கு எல்லோருக்கும் வராது. முதல் வாரத்தில், எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா ரத்தப் பரிசோதனையும் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். சந்தேகம் வலுத்தால் மருந்தைத் தொடங்கிவிடுவதே சரி: டாக்ஸிசைக்ளின் 7 நாள், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். மூச்சிரைப்பு, குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியாகத் தருவது, ஒன்றை மட்டும் தருவதைவிடச் சிறந்தது என்று தெரியவந்தது.

கேள்வி: ஆறு வயதுக் குழந்தைக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் கறை படியும் என்கிறார்களே?

அந்த அச்சம் பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளால் வந்தது. டாக்ஸிசைக்ளினைக் குறுகிய காலம் கொடுப்பதில் அப்படிக் கறை படிவதாகத் தெரியவில்லை. இந்தக் காய்ச்சல்களில் மருந்து தாமதமாவதே குழந்தைக்கு ஆபத்து.

கேள்வி: கோயம்புத்தூரில்தான் எப்போதும் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக உடல்வலி, அசதி. லைம் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்ததால் ஆறு மாதம் ஊசி போடச் சொல்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. ஐஜிஎம் என்பது தொற்றின் தொடக்கத்தில் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், ஐஜிஜி அதன் பின் வருவது. ஐஜிஎம் முடிவுக்கு, அறிகுறி தொடங்கிய முதல் மாதத்தில்தான் மதிப்பு. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஐஜிஜி இல்லாமல் அது மட்டும் பாசிட்டிவாக வந்தால், அதை லைம் நோய் என்று கொள்வதில்லை. நோயே அரிதான ஓர் ஊரில் வரும் பாசிட்டிவ் பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும். உண்மையாக லைம் நோய் வந்த பின் அசதி நீடித்தவர்களுக்குக்கூட, மாதக்கணக்கில் தந்த ஆன்டிபயாட்டிக் நிலையான பலன் தரவில்லை என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசிக் குழாய் வழியே ரத்தத்தில் தொற்று ஏறும் ஆபத்தும் உண்டு. உங்கள் வலி உண்மையானது, அதனால்தான் அதன் சரியான காரணத்தைத் தேட வேண்டும் என்கிறேன். மூட்டுவாத மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, தூக்கம் மூன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வயநாட்டில் எஸ்டேட் வேலை. குரங்குக் காய்ச்சலுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கேட்குமா? ஒட்டிய உண்ணிக்குச் சுண்ணாம்பு வைக்கலாமா?

கேட்காது. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட அந்தக் காய்ச்சல் வைரஸால் வருவது; அதற்கெனத் தனி மருந்து இல்லை, நீர்ச்சத்தைக் காத்து ரத்தக்கசிவைக் கண்காணிப்பதே சிகிச்சை. காட்டில் குரங்கு இறந்து கிடந்தால் நெருங்காமல் உடனே சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். நுனி கூரான இடுக்கியால், தோலை ஒட்டிய இடத்தில் உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, முறுக்காமல் நேராக மெல்ல இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.