பிரேக் மிதிச்சா இண்டிகேட்டரும் எரியுதுங்களா?

சங்ககிரிப் பக்கம் பட்டறையில 28 வருசமா ஒயரிங்தான் நம்ம பொழப்பு. பின்னாடி லைட்டைப் பத்திக் கேட்டவங்களுக்கு ஒண்ணொண்ணாச் சொல்றேன்.

அண்ணா, கார்ல பிரேக் மிதிச்சா எடது இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலா எரியுது. ரெண்டு தடவை பல்பு மாத்தியாச்சு. – பொள்ளாச்சி

பல்பு மேல குத்தமில்லீங்க தம்பி. அந்தப் பக்கத்து எர்த்து போயிருக்கும். பல்புக்குள்ள போன கரண்டு பாடிக்குத் திரும்ப வழியில்லாம, பக்கத்து பல்போட இழைக்குள்ள பூந்து சுத்திக்கிட்டுப் போகுது. அதான் ரெண்டும் அழுது வடியுது.

டிக்கியைத் திறந்து லைட்டைக் கழட்டுங்க. ஹோல்டர்ல இருந்து வர்ற எர்த்து ஒயர், பெரும்பாலும் கருப்பு, பாடியில ஒரு ஸ்குரூவுல போய் முடியும். அங்க பச்சை பூத்திருக்கும் பாருங்க. தேய்க்கறதுக்கு முன்னால ஒரு சோதனை: நீளமா ஒரு ஒயரை எடுத்து ஒரு முனையை ஹோல்டர் எர்த்துலயும், மறுமுனையை பேட்டரி நெகட்டிவ்லயும் வைங்க. பளிச்சுன்னு எரிஞ்சா அதேதான். உப்புத்தாள் போட்டு தகடு மினுமினுங்கற வரைக்கும் தேய்ச்சு, இறுக்கி முறுக்கி, மேல கிரீஸ் தடவிருங்க. வால்பாறை 40 கொண்டை ஊசியும் மழையில இறங்குற வண்டின்னா வருசத்துக்கு ஒருக்கா இதைப் பார்த்துக்கோணும்.

எர்த்து சரியா இருக்குங்க. ஆனா புதுசா பல்பு போட்டதுல இருந்து பிரேக் மிதிச்சா டாஷ்போர்டு விளக்கும் எரியுது. – திருப்பூர்

ரெட்டை இழை பல்பு போடற ஹோல்டர்ல ஒத்தை இழை பல்பைத் திணிச்சிருக்காங்க. அடியில ஒரே ஈயப்பொட்டு இருந்தா அது பிரேக் முனையையும் பார்க்கிங் முனையையும் ஒண்ணாச் சேர்த்துரும். பிரேக் கரண்டு பார்க்கிங் லைன் வழியா டாஷ்போர்டு விளக்குக்கும் போயிரும். 21/5 வாட் பல்பு கேட்டு வாங்குங்க. அதோட ரெண்டு காதும் ஏத்த எறக்கமா இருக்கும். அழுத்தித் திருப்பியும் போகலைன்னா பல்பை வெளிய எடுத்து அரைச்சுத்து சுத்திப் போடுங்க, ஹோல்டரை நெம்பாதீங்க.

ஏனுங்க, டிராக்டர் டிரெய்லர்ல கரும்பு ஓட்டறமுங்க. குழியில விழுந்தா லைட் எரியுது, மேடு ஏறுனா அணைஞ்சு போகுது. – கோபி

கொக்கியையே எர்த்தா நம்பி உட்டுருக்காங்க. அங்க மண்ணும் கிரீசும் துருவும்தான் இருக்குது. ஆடுறப்ப ஒட்டும், உடும். ஏழு பின் சாக்கெட்டுல 3-ம் பின் எர்த்துக்குன்னே இருக்குதுங்க. அதுல இருந்து லைட் வரைக்கும் தனி ஒயர் இழுங்க, மத்ததை விடக் கொஞ்சம் தடியா. எல்லா லைட்டோட கரண்டும் அது வழியாத்தான திரும்போணும்! லைட்டைச் சரி பண்ணிப்போட்டு, அது மேல கரும்புச் சோகை தொங்க உட்டுட்டுப் போறவங்களைப் பொழுதோட தெனமும் பார்க்கறேன். செவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையும் ஒட்டிருங்க சாமி.

காலையில வண்டி எடுத்தா பேட்டரி செத்துக் கிடக்குது. பக்கத்து வீட்டுக்காரங்க, ராத்திரி பூரா பிரேக் லைட் எரிஞ்சுதுன்னு சொல்றாங்க. – கோயமுத்தூர்

அம்மிணி, பெடலுக்குக் கீழ கால்மிதியில பிளாஸ்டிக் துணுக்கு உதிர்ந்து கிடக்குதான்னு பாருங்க. காலை எடுத்ததும் பெடல் மேல வந்து சுவிட்ச் பொத்தானை அமுக்கோணும். அந்த எடத்துல பெடல்ல ஒரு சின்ன வில்லை இருக்கும். வெயில்ல காய்ஞ்சு பொடியாயிட்டா, பொத்தான் ஓட்டைக்குள்ள பூந்து வெளிய வந்துரும், லைட்டு அணையாது. 21 வாட் பல்பு ரெண்டும் சேர்ந்து மூணரை ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரத்துல 35 ஆம்பியர் அவர் பேட்டரி காலி. வில்லை வாங்கற வரைக்கும் அந்த ஓட்டையில தலை அகலமான போல்ட்டு ஒண்ணு முடுக்கிக்கலாம்.

எல்இடி போட்டதும் இண்டிகேட்டர் படபடன்னு அடிக்குது. – ஈரோடு

எல்இடி கரண்டு கம்மியா இழுக்கறதால, இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கற பிளாஷர், பல்பு போயிருச்சுன்னு நினைச்சுக்குது. எல்இடிக்குன்னு விக்கற பிளாஷர் போடுங்க. கரண்டை அதிகமா இழுக்க வைக்கறதுக்குன்னு சேர்க்கற ரெசிஸ்டர் வேண்டாம், கொதிக்கும்.

லாரியில பார்க்கிங் லைட் போட்டாலே பியூஸ் போகுது. டிரைவர் செம்புக்கம்பி சுத்தி ஓட்டறார். – திருச்செங்கோடு

மொதல்ல அந்தக் கம்பியைப் பிடுங்கி எறியுங்க. அப்புறம் பார்க்கிங் பல்பெல்லாம் கழட்டிட்டு, பியூஸ் எடத்துல 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒண்ணை மாட்டி சுவிட்சைப் போடுங்க. முழுசா எரிஞ்சா எங்கயோ ஒயர் சேசிஸ்ல உரசுது. கிளாம்பு கிளாம்பா ஒயரை ஆட்டிக்கிட்டே பின்னாடி போங்க, ஒருத்தர் பல்பையே பார்த்துட்டு நிக்கட்டும். எங்க ஆட்டறப்ப அணையுதோ அங்கதான் தோல் உரிஞ்சிருக்கும். நம்பர் பிளேட் லைட்டுக்குப் போற ஒயர்ல இருந்தே ஆரம்பிங்க, எனக்குப் பாதி வண்டியில அங்கதான் மாட்டிருக்குது.