மூன்றாவது குவார்ட்டர்பேக்குக்கு 53-ல் ஓர் இடம் கொடுக்கலாமா?

நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். பற்றிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் டீம் டிராஃப்டில் ஆறாவது சுற்றில் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது. ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள், இந்தப் பையன் இந்த வருடம் ஒரு பந்துகூட எறியப்போவதில்லை. ஆகஸ்ட் கடைசியில் 90 பேரை 53 ஆகக் குறைக்கும்போது இவனை வைத்துக்கொண்டு, ஓடி விழுந்து டேக்கிள் செய்கிற ஒரு நல்ல ஆளை வெளியே அனுப்புவது பைத்தியக்காரத்தனம் இல்லையா? ஆபீஸில் இதை வைத்து ஒரு பிரியாணி பந்தயம் ஓடுகிறது, தீர்ப்பு சொல்லுங்கள்."

புதியவர்களுக்கு: குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், டிராஃப்ட் என்பது டீம்கள் புதுமுகங்களைச் சுற்றுச் சுற்றாக எடுப்பது, 53 என்பது சீசனுக்கு ஒரு டீம் வைத்துக்கொள்ளும் ஆட்கள். எந்த டீம் என்றும் எழுதியிருந்தார். அது இங்கே வேண்டாம், 32 டீமுக்கும் பதில் ஒன்றுதான்.

முதலில் அந்த "நல்ல ஆளை அனுப்புகிறார்களே" என்கிற வருத்தத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். 53 பேரும் ஞாயிற்றுக்கிழமை உடை மாட்டிக்கொண்டு இறங்குவதில்லை. மேட்ச் அன்று அதிகபட்சம் 48 பேர், அதுவும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று தடுக்கிற அஃபென்ஸிவ் லைன்மேன்கள் எட்டுப் பேரைச் சேர்த்தால்தான் அந்த 48. மிச்சம் ஐந்து பேர் டிராக் சூட்டில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள். ஆக மூன்றாவது குவார்ட்டர்பேக் பறித்துக்கொள்வது களத்தில் ஓடுகிறவனின் இடத்தை அல்ல, எப்படியும் வேடிக்கை பார்க்கப்போகிற 50-ஆவது, 51-ஆவது ஆளின் இடத்தை. நவம்பரில் நாலு பேர் தொடை பிடித்துக்கொண்டு உட்காரும்போதுதான் அந்த ஓர் இடம் உறைக்கும். அப்போதும், 53-க்கு வெளியே பயிற்சிக்காக வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து ஒரு மேட்சுக்கு இரண்டு பேரை மேலே ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. செலவு இருக்கிறது, ஆனால் உங்கள் நண்பர்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

சரி, செலவு கொஞ்சம்தான் என்றால் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? அவசரப்படாதீர்கள். மூன்றாவது ஆளை வைத்துக்கொள்ள இரண்டு காரணம் சொல்வார்கள், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சண்டையே. ஒன்று ஆபத்துக்கு ஆள் வேண்டும் என்பது, இன்னொன்று நாளைக்கு ஆள் வேண்டும் என்பது.

ஆபத்து என்றால் என்ன என்பதற்கு 2023 ஜனவரி 29-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. பிலடெல்பியாவில் என்.எஃப்.சி. (லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) இறுதிப்போட்டி, ஈகிள்ஸுக்கு எதிராக சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ். ஆரம்பத்திலேயே ஈகிள்ஸின் ஹாசன் ரெடிக் வந்து ஃபார்ட்டி நைனர்ஸ் குவார்ட்டர்பேக் ப்ராக் பர்டியின் எறிகிற கையில் மோதுகிறார், முழங்கைத் தசைநார் போய்விடுகிறது. உள்ளே வந்த ஜோஷ் ஜான்சனுக்கு மூன்றாவது குவார்ட்டரில் தலையில் அடி, அவரும் வெளியே. வேறு குவார்ட்டர்பேக் இல்லை. பந்தைத் தூரமாக எறிய முடியாத பர்டியையே திரும்ப அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவர் பந்தை வாங்குகிறார், பக்கத்தில் நிற்பவனிடம் கொடுக்கிறார், வாங்குகிறார், கொடுக்கிறார். பாஸ் வராது என்பது ஈகிள்ஸ் டிஃபென்ஸுக்குத் தெரியும், ஸ்டேடியத்துக்கே தெரியும். 31-7. ஒரு சீசன் முழுக்கச் செய்த வேலை ஒரு மதியத்தில் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1991 முதல் 2010 வரை இதற்கென்றே ஒரு விதி இருந்தது. மேட்ச் ஆடும் எண்ணிக்கையில் சேராமல் மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவரைத் தனியாகத் தயாராக வைத்திருக்கலாம். 2011-ல் எண்ணிக்கையை 45-லிருந்து 46 ஆக்கியபோது அதைத் தூக்கிவிட்டார்கள். பர்டியின் முழங்கைக்கு அப்புறம் 2023-ல் அதே விதி திரும்ப வந்தது, ஆனால் அந்த ஆள் 53-ல் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த ஒரு வருடம் மட்டும் நீங்கள் கேட்டிருந்தால் "வைத்துக்கொள்ளட்டும்" என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். 2024-ல் அதையும் தளர்த்தி, பிராக்டிஸ் ஸ்குவாடில் இருக்கும் குவார்ட்டர்பேக்கையே ஒவ்வொரு வாரமும் இந்த அவசர ஆளாக நிறுத்தலாம் என்று ஆக்கிவிட்டார்கள். முதல் இருவரும் அடிபட்டாலோ வெளியேற்றப்பட்டாலோதான் அவர் இறங்க முடியும், முதல் ஆள் மோசமாக ஆடுகிறான் என்பதற்காக இறக்க முடியாது.

ஆகவே ஆபத்துக்கு என்ற காரணம் இன்றைக்குச் செல்லாது. அதற்கு 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாட் போதும், செலவும் குறைவு. 2025 கணக்கில் 53-ல் இருக்கும் புதுமுகத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வருடம் 8,40,000 டாலர். பிராக்டிஸ் ஸ்குவாட் பையனுக்கு வாரம் 13,000, அதாவது 18 வாரத்துக்கு 2,34,000. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அதுதான்.

மிச்சம் இருப்பது நாளைக்கு என்கிற காரணம். இதைச் சொன்னவுடனே எல்லாரும் டாம் பிரேடி என்று ஆரம்பிப்பார்கள். உண்மைதான், 2000-ல் பேட்ரியட்ஸ் அவரை 199-ஆவது ஆளாக எடுத்து, ட்ரூ பிளெட்சோ, ஜான் ஃப்ரீஸ், மைக்கேல் பிஷப் என்று ஏற்கெனவே மூன்று பேர் இருந்தும் நான்காவதாக வைத்துக்கொண்டார்கள். அந்த வருடம் முழுக்க அவர் எறிந்தது மூன்று பாஸ், சேர்ந்தது ஒன்று, ஆறு யார்டு. அடுத்த சீசனில் லீகின் பட்டமான சூப்பர் பௌல். பர்டியும் 2022-ல் டிராஃப்டின் கடைசி ஆள், 262-ஆவது. ஃபார்ட்டி நைனர்ஸ் அந்த ஆகஸ்டில் அனுபவஸ்தரான நேட் சட்ஃபெல்டை, 20 லட்சம் டாலர் உத்தரவாதம் கொடுத்திருந்தும், அனுப்பிவிட்டு இவரை வைத்துக்கொண்டார்கள். டிசம்பருக்குள் முதல் ஆள் ட்ரே லான்ஸுக்குக் கணுக்காலில் காயம், இரண்டாவது ஆள் ஜிம்மி கரோப்போலோவுக்குப் பாதத்தில், மூன்றாவது ஆள் உள்ளே.

ஆனால் ஜெயித்தவன் கதையைத்தான் ஊர் பேசும். அதே பேட்ரியட்ஸ் 2008-ல் கெவின் ஓகானலை மூன்றாவது சுற்றில் எடுத்து ஒரே வருடத்தில் அனுப்பிவிட்டார்கள். (இன்றைக்கு அவர் மினசோட்டா வைக்கிங்ஸின் தலைமைப் பயிற்சியாளர், ஆக எதுவும் கற்கவில்லை என்று சொல்ல முடியாது, வேறு யாருக்கோ பயன்பட்டது.) லான்ஸை எடுக்க ஃபார்ட்டி நைனர்ஸ், டிராஃப்டில் ஆள் எடுக்கும் முதல் சுற்றுத் தேர்வுகள் மூன்றைக் கொடுத்தார்கள், இரண்டு வருடம் கழித்து நான்காவது சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு டல்லாஸ் டீமுக்குப் போனார். அங்கே மூன்றாவது ஆளாக 2023 சீசன் முழுக்க ஒரு முறைகூடக் களத்தில் இறங்கவில்லை.

"வளர்க்கிறோம்" என்கிறார்களே, எங்கே, எப்போது வளர்க்கிறார்கள்? சீசன் ஆரம்பித்துவிட்டால் பயிற்சியில் முக்கால்வாசி முறை பந்தைத் தொடுவது முதல் ஆள்தான். எதிரணி மாதிரி நடித்துக் காட்டும் ஸ்கவுட் டீமை ஓட்டுவது இரண்டாவது ஆள். மூன்றாவது பையன் தொப்பியைத் திருப்பி மாட்டிக்கொண்டு பத்து யார்டு பின்னால் நின்று, கையில் பந்தே இல்லாமல் அதே காலடிகளை வைத்துப் பழகுவான். எல்லாரும் குளிக்கப் போன பிறகு, மனசிருக்கிற பயிற்சியாளர் இருந்தால், வலைக்குள் ஐம்பது பந்து எறிவான். முன்பெல்லாம் சீசனுக்கு முன்னால் நான்கு ப்ரீசீசன் மேட்ச் இருந்தது, 2021 முதல் மூன்றுதான், மேட்சில் கற்கிற வாய்ப்பும் சுருங்கிவிட்டது. இதைச் செய்ய ஆள் இல்லாத டீமில் பையனை 53-ல் வைத்திருப்பது இலவு காத்த கிளி கதை.

செய்தவர்கள் இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் கிரீன் பே பேக்கர்ஸிடம் ப்ரெட் ஃபார்வ் இருந்தார், அவர் காயத்தைச் சாக்கு வைத்து உட்காருகிற ஆளே இல்லை. அப்படியும் மார்க் ப்ரூனெல், மேட் ஹேசல்பெக், ஆரன் ப்ரூக்ஸ் என்று பின் சுற்றுகளில் எடுத்து வளர்த்து, பிறகு ஜாக்சன்வில், சியாட்டில், நியூ ஆர்லியன்ஸ் என்று மற்ற டீம்களுக்குக் கொடுத்துத் தேர்வுகளாக வாங்கிக்கொண்டார்கள். கன்றுக்குட்டி வாங்கிப் பசுவாக விற்கிற வியாபாரம். ஹேசல்பெக் முதல் வருடம் பிராக்டிஸ் ஸ்குவாடில்தான் இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியென்றால் 53-ல் வைக்க ஒரே காரணம் திருட்டு பயம். நான்கு வருட அனுபவம் இல்லாதவனை வெட்டினால் அவன் வேவருக்குப் போவான், மற்ற 31 டீமில் யாரும் தூக்கலாம். தூக்கினால் அவர்களும் அவனைத் தங்கள் 53-ல் வைத்தாக வேண்டும். உங்கள் டீமின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய பிளேபுக்கை மட்டும் பாதி படித்த ஒரு பையனுக்காக, அதே நாளில் தங்களிடம் உள்ள ஒருவனை வெட்ட எத்தனை டீம் தயாராக இருக்கும்? பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை, மறுநாளே உங்கள் பிராக்டிஸ் ஸ்குவாடில் கையெழுத்துப் போடுவான். ப்ரீசீசனில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஆடிவிட்டவன் விஷயம் வேறு.

உங்கள் ஆறாவது சுற்றுப் பையனுக்கு இதுதான் சோதனை. கடைசி ப்ரீசீசன் மேட்சில் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், எதிரில் நிற்பவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் வேலையில்லாமல் இருப்பார்கள். மூன்றாவது டவுனில், அதாவது நான்கு முயற்சிகளில் மூன்றாவதில், எட்டு யார்டு வேண்டும், உள்ளேயிருந்து ஒருவன் தடுப்பை உடைத்துக்கொண்டு வருகிறான், அப்போது பையனின் கண் பந்தைப் பிடிக்கிற ரிசீவர்கள் மேலேயே இருக்கிறதா, இல்லை வருகிறவன் மேல் இறங்குகிறதா என்று பாருங்கள். மேலேயே இருந்தால் அதை இன்னும் 31 டீமின் ஆள் தேடும் ஸ்கவுட்களும் பார்த்திருப்பார்கள், 53-ல் வைக்கச் சொல்லுங்கள், இரண்டு வருடம் கொடுங்கள், இரண்டாவது வருட முகாமில் அவன் இரண்டாவது ஆளைத் தாண்டவில்லை என்றால் விட்டுவிடலாம். கண் இறங்கினால் பிராக்டிஸ் ஸ்குவாட்.

பந்தயத்தில் யார் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. "எப்போதும் வைக்கக்கூடாது" என்றவரும் "எப்போதும் வைக்க வேண்டும்" என்றவரும் தோற்றார்கள், பிரியாணிக் காசை இருவரும் பாதிப் பாதி போடட்டும்.